கொழும்பில் கணக்கு, எல்லவில் கூட்டம்

ஊவாத் தேயிலை கொழும்பு ஏலத்தில் விலை போகுமுன் அதன் மாதிரிக்கு வெந்நீர் ஊற்றி, ஒரு மிடறு உறிஞ்சித் துப்பிப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகுதான் விலை கேட்பது. சுற்றுலாவில் அந்த வசதி கிடையாது. அதே ஊவா மலையிலுள்ள எல்லவில் மூன்று இரவு தங்கப்போகிறவர் பேர்லினிலோ சென்னையிலோ உட்கார்ந்துகொண்டு, பார்க்காத மலைக்கும் படுக்காத கட்டிலுக்கும் முன்கூட்டியே பணம் கட்டுகிறார். படம், விலை, தூரம், போய்வந்தவர்கள் சொன்ன நல்லது கெட்டது, இவ்வளவுதான் அவர் கையில் இருக்கிறது. அவர் முதலில் வாங்குவது தகவலை. கணினியும் இணையமும் வந்தபோது மற்றப் பல தொழில்களுக்கு முன்பே சுற்றுலா தலைகீழாக மாறியதற்குக் காரணம் இதுதான். அந்தத் தொழிலை மேற்பார்க்கும் அரச நிறுவனங்களின் வேலையும் கூடவே மாறியது.

இலங்கையில் அந்த வேலைக்கென்று 1966இல் சட்டத்தின் மூலம் ஒரு சபை அமைக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டம் 2007 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது அந்த ஒன்று நான்காயிற்று. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை ஹோட்டல்களையும் வழிகாட்டிகளையும் பதிவுசெய்து ஒழுங்குபடுத்துகிறது, புள்ளிவிபரமும் வெளியிடுகிறது. மேம்பாட்டுப் பணியகம் நாட்டை வெளியுலகில் விளம்பரப்படுத்துகிறது. மாநாட்டுப் பணியகம் மாநாடுகளையும் கண்காட்சிகளையும் தேடிக்கொண்டு வருகிறது. சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகம் ஆட்களைப் பயிற்றுகிறது; அதன் கிளையொன்று பண்டாரவளையில் இருக்கிறது. பதிவுபெற்ற சுற்றுலா நிறுவனங்களின் வருமானத்தில் 1 சதவீத வரியும், விமான நிலையத்தில் பயணிகள் கட்டும் வெளியேறும் வரியின் மூன்றிலொரு பங்கும் இவற்றுக்கான நிதி. எண்ணுவது, பதிவுசெய்வது, அறிவிப்பது, கற்பிப்பது என்று நான்கும் செய்வது தகவல் வேலைதான். ஆகவே தகவல் தொழில்நுட்பம் இவற்றின் செயற்றிறனை எப்படிப் பாதித்தது என்று கேட்டால், கணினி எத்தனை வாங்கினார்கள் என்பதைவிட, எண்ணியது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பதே பயனுள்ளது. அதைப் பார்க்க ஊவா மாகாணத்தைவிடப் பொருத்தமான இடம் நாட்டில் அதிகமில்லை.

மலைநாட்டு ரயில் பாதை தேயிலைக்காகப் போடப்பட்டது. 1893இல் ஹப்புத்தளை, 1894இல் பண்டாரவளை என்று ஏறிவந்த பாதை பதுளையை எட்ட 1924 ஆயிற்று. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கட்டி முடிக்கப்பட்டது. கல், செங்கல், சீமெந்து மட்டுமே கொண்டு, இரும்பே இல்லாமல் எழுந்த பாலம் அது. ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் அதன்மீது கோச்சி ஓடியது; கீழே தோட்டத்து ஆட்கள் கொழுந்து எடுத்தார்கள். பாலத்தைப் பார்க்கவென்று யாரும் விமானமேறி வரவில்லை. இன்று இலங்கையின் அடையாளம் என்று உலகெங்கும் சுற்றுகிற படங்களில் அதுவும் ஒன்று. அதை அப்படி ஆக்கியது எந்த அரசப் பணியகத்தின் சுவரொட்டியும் அல்ல. 2010இல் வந்த இன்ஸ்டாகிராமும், அதில் ரயில் வாசற்படியில் தொங்கியபடி படம் போட்ட பயணிகளும்தான்.

அரச சுற்றுலா அமைப்புகளைத் தொழில்நுட்பம் தொட்ட முதல் இடம் இது. விளம்பரம் செய்யும் ஏகபோகம் அவற்றின் கையைவிட்டுப் போயிற்று. முன்பு வெளிநாட்டு முகவருக்குத் துண்டுப்பிரசுரம் அச்சடித்து அனுப்புவதும், வர்த்தகக் கண்காட்சியில் கடை போடுவதும் பெரும்பணி. அது இன்றும் நடக்கிறது. 2018 நவம்பரில் இலண்டன் கண்காட்சியில்தான் ‘சோ ஸ்ரீலங்கா’ என்ற விளம்பர வாசகம் அறிமுகமானது. ஆனால் எல்லவில் எந்த விடுதியில் தங்குவது, எந்த மலையில் எத்தனை மணிக்கு ஏறுவது என்று முடிவெடுக்கிறவர் அரச இணையத்தளத்தைத் தேடிப் போவதில்லை. புக்கிங், எயார்பிஎன்பி, டிரிப்அட்வைசர், கூகுள் வரைபடம் ஆகியவற்றில் பார்த்து முடித்துவிடுகிறார். விடுதிக்காரர் முன்பதிவுத் தளத்துக்குச் சுமார் 15 சதவீதம் தரகு கொடுக்கிறார். தரகுப் பணத்தைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. யார் வந்தார், எத்தனை நாள் முன்பு தேடினார், எதைப் பார்த்து வேண்டாமென்று விட்டார் என்ற விபரமெல்லாம் அந்தத் தளத்தின் கணினியிலேயே தங்கிவிடுகிறது. இந்த ஊரைப் பற்றி ஊரின் பிரதேச சபைக்கும் தெரியாதது தூரத்து நிறுவனங்களுக்குத் தெரிகிறது.

இந்த நிலை வருமென்று முன்கூட்டியே யோசித்த நாடுகள் உண்டு. ஒஸ்திரியாவின் டைரோல் மலை மாநிலத்தில் 1990களிலேயே, சிறு விடுதிகளையெல்லாம் ஒரே கணினி வலையில் சேர்த்து, தேடலும் முன்பதிவும் அங்கேயே நடக்கும்படி ‘டிஸ்கவர்’ என்ற பொது அமைப்பைக் கட்டினார்கள். மாட்டுப்பண்ணை வீட்டில் இரண்டு அறை வைத்திருந்த குடும்பமும் பெரிய ஹோட்டலும் ஒரே பட்டியலில் இடம்பெற்றன. நல்ல பெயர் எடுத்த திட்டம் அது. இருந்தும் உலகளாவிய தளங்களின் பண பலத்துக்கு எதிரே தனித்து நிற்க முடியாமல் பிறகு தனியார் கைக்குப் போனது. முன்பதிவுச் சந்தையில் அரசு போட்டியிட்டு வெல்வது கடினம் என்பது அந்த அனுபவத்தில் தெரிந்தது. அரசுக்கு மட்டுமே முடிந்த வேலை எது என்ற கேள்வி அங்கிருந்துதான் எழுகிறது. எண்ணுவது, எல்லை வகுப்பது, எச்சரிப்பது ஆகிய மூன்றும் அதற்கு விடையாகத் தோன்றுகின்றன.

எண்ணுவதில் இலங்கை பின்தங்கியதல்ல. 2012 ஜனவரி முதல் வெளிநாட்டுப் பயணிகள் வருமுன்னரே இணையத்தில் மின்னணுப் பயண அனுமதி பெறும் முறை வந்தது. எல்லோரும் குடிவரவுத் திணைக்களத்தின் கணினி வழியாகவே நுழைவதால், எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்ற மாதாந்தக் கணக்கு விரைவில் வெளிவருகிறது. 2018இல் 2,333,796 பேர் வந்தனர். உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்த 2019இல் அது 1,913,702. பெருந்தொற்று, பொருளாதார நெருக்கடி எல்லாம் கடந்து 2024இல் 2,053,465. ஒற்றை ஆள்வரை துல்லியமான இந்த எண்கள்தான் பத்திரிகைச் செய்தி, பாராளுமன்ற உரை, அடுத்த ஆண்டின் இலக்கு அனைத்துக்கும் அளவுகோல்.

ஆனால் கட்டுநாயக்க விமான நிலைய வாசலில் எண்ணப்பட்டவர்களில் எத்தனை பேர் எல்லவுக்கு வந்தார்கள்? அதை அந்த வாசற்கணக்கு சொல்லாது. நீண்ட வார இறுதியில் கொழும்பிலிருந்தும் காலியிலிருந்தும் வேன் பிடித்து துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்கும் லிப்டன் சீட் காட்சிமுனைக்கும் வரும் உள்நாட்டுக் குடும்பங்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. அவர்கள் கடவுச்சீட்டைக் காட்டி வருகிறவர்களல்லவே. ஒரே பிரதான வீதியைக் கொண்ட எல்ல நகரத்தில் குப்பை அள்ளுவதும், வாகனம் நிறுத்த இடம் பார்ப்பதும், மலையோரத்தில் எழும் கட்டடத்துக்கு அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் பிரதேச சபையின் பொறுப்பு. அதற்கு வேண்டியது ஆண்டு மொத்தம் அல்ல. இந்தச் சனிக்கிழமை மலையில் எத்தனை பேர் நிற்பார்கள் என்ற எண்தான். எஸ்தோனியாவில் வெளிநாட்டுக் கைத்தொலைபேசிகள் உள்ளூர்க் கோபுரங்களில் இணைவதைப் பெயர் நீக்கிக் கணக்கெடுத்து, எந்த ஊரில் எத்தனை பயணிகள் எத்தனை இரவு தங்கினார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அந்நாட்டு மத்திய வங்கியே அந்தக் கணக்கைப் பயன்படுத்தியது. கோபுரங்கள் எல்லவிலும் இருக்கின்றன.

எண் கிடைத்தாலும் அதை வைத்து முடிவெடுக்கிற நாற்காலியில் ஆள் இருக்க வேண்டும். ஊவா மாகாண சபையின் பதவிக்காலம் 2019இல் முடிந்தபின் அதற்குத் தேர்தல் நடக்கவில்லை. மாகாண நிர்வாகம் ஆளுநரின் கீழ் நடந்துவந்தது. உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல்வரை தெரிவான உறுப்பினர்கள் இல்லாமல் இருந்தன. சுற்றுலா மீண்டு பெருகிய காலம் சரியாக அந்த இடைவெளியில் விழுந்தது.

சுற்றுலா நிறுவனம் என்று பெயர் இல்லாவிட்டாலும், ஊவாவுக்கு வரும் பயணியின் அனுபவத்தை அதிகம் தீர்மானிக்கும் அரச நிறுவனம் ரயில் திணைக்களம்தான். பொடி மெனிக்கே, உடரட்ட மெனிக்கே ஆகிய பழைய வண்டிகளோடு, பயணிகளைக் குறிவைத்து எல்ல ஒடிசியும் ஓடத் தொடங்கியது. ஆசன முன்பதிவு இணையத்துக்குப் போய், பயண நாளுக்கு 30 நாள் முன்பு டிக்கெட் திறக்கும் ஏற்பாடு வந்தது. கொழும்பு கோட்டை நிலையத்தில் விடியற்காலை வரிசையில் நின்ற காலம் ஒழிந்தது என்றே நினைக்கத் தோன்றும். 2025 ஜனவரியில் வெளியான செய்தி அந்த நினைப்பைக் கலைத்தது: எல்ல வண்டியின் இணைய டிக்கெட்டுகள் திறந்த 42 வினாடிகளில் தீர்ந்திருந்தன. மொத்தமாக வாங்கிப் பல மடங்கு விலைக்கு வெளிநாட்டவரிடம் விற்ற கும்பல்களைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்து ஆட்களைக் கைதுசெய்தது. பின்னர் டிக்கெட் வாங்கும்போதே அடையாள அட்டை எண்ணோ கடவுச்சீட்டு எண்ணோ கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது.

இங்கே நடந்ததைச் சற்று நின்று பார்க்கலாம். ஆசனங்கள் கொஞ்சமே கூடின, கேட்பவர் தொகை பலமடங்காயிற்று. அந்தப் பற்றாக்குறையை இணையம் தீர்க்கவில்லை. வரிசையை மட்டும் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு மாற்றியது. கண்ணுக்குத் தெரிந்த வரிசையில் குறுக்கே புகுந்தவரைப் பின்னால் நிற்பவர் சத்தம் போட்டுத் தடுக்கலாம். கணினியில் குறுக்கே புகுபவரைத் தடுக்க, பெட்டியில் ஏறி டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு பரிசோதகர் வேண்டும். தொழில்நுட்பம் ஆட்களைக் குறைக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் அது ஆளைக் கேட்கிறது. இந்தக் கதையில் இடம்பெறாத ஒருவரும் உண்டு: ஹாலிஎலயிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்குப் போக முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்பில் ஏறும் தோட்டத்துப் பெண். அவர் பெட்டியின் வாசலிலும் படம் எடுக்கிறவர்கள் நிற்கிறார்கள்.

விசா விவகாரம் இதே பாடத்தின் பெரிய பதிப்பு. பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய மின்னணு அனுமதி முறையை மாற்றி, 2024 ஏப்ரலில் வெளிநாட்டு நிறுவனக் கூட்டொன்றிடம் அந்தப் பணி ஒப்படைக்கப்பட்டது. கட்டண உயர்வும் தரவுப் பாதுகாப்பும் சர்ச்சையாகி, 2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை இடைநிறுத்திப் பழைய முறைக்குத் திரும்ப உத்தரவிட்டது. செப்டெம்பர் இறுதியில்தான் அது நடந்தது. எல்லவிலுள்ள விடுதிக்காரருக்கு இந்த வழக்கில் எந்தப் பங்கும் இல்லை. ஆனாலும் நாட்டின் நுழைவாயில் ஒரு மென்பொருளாக இருக்கும்போது, அது தடுமாறும் மாதங்களில் தடுமாறுவது அவருடைய வாடகையும்தான்.

எல்லை வகுப்பதற்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியா அனுப்பப்பட்ட மலையகக் குடும்பங்களில் பல நீலகிரியில் குடியேறின. கோத்தகிரியிலும் கூடலூரிலும் சொந்தக்காரர் உள்ள வீடுகள் பதுளைத் தோட்டங்களில் குறைவல்ல. அதே நீலகிரியில், கோடை நெரிசல் தாங்க முடியாத நிலையில், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது, கொடைக்கானலுக்கும் அவ்வாறே. முதல் கட்டத்தில் யாருக்கும் அனுமதி மறுக்கப்படவில்லை. எத்தனை வாகனம் வருகிறது என்று எண்ணுவதே நோக்கம். அந்த எண்கள் கைக்கு வந்த பிறகு, 2025 ஏப்ரல் 1 முதல் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பு வைக்கப்பட்டது. வியாபாரிகள் கடையடைத்து எதிர்த்தார்கள். வரம்பு சரியா தவறா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அங்கே வாதம் எண்களை வைத்து நடக்கிறது. எண்ணுவதற்கும் வரம்பு கட்டுவதற்கும் இடையே ஓராண்டு அவகாசம் விட்டது அந்த முறையில் கவனிக்க வேண்டிய நுட்பம். எல்லவில் பாலத்தடியில் நிற்கும் கூட்டம் பற்றிய பேச்சு இப்போதைக்குப் படங்களை வைத்தே நடக்கிறது.

எச்சரிப்பது மூன்றாவது வேலை. ஊவாவில் அது உயிர் சம்பந்தப்பட்டது. பதுளை மாவட்டத்தின் சரிவுகளைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வரைபடமாக்கியிருக்கிறது. தானியங்கி மழைமானிகளை வைத்து, பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டத்தில் தொழிலாளர் லயன் வீடுகள் புதையுண்ட 2014 ஒக்டோபர் 29ஐ மலையகம் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005லும் 2011லும் சொல்லப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது. அங்கிருந்தவர்களுக்குப் போக வேறு வீடு இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது.

மழை நாளில் எல்ல–வெல்லவாய வீதியில் போகிற வெளிநாட்டவர் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருப்பது வழிகாட்டும் வரைபடத்தை. கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மஞ்சள், சிவப்பு எச்சரிக்கை இருப்பது வேறொரு பக்கத்தில். இரண்டும் ஒரே திரையில் சந்தித்தால்தான் பயன். அப்படிச் சந்திக்கவைப்பது தனியார் தளம் தானாக முன்வந்து செய்கிற காரியமல்ல. மூடிய வீதியையும் மூடிய மலைப்பாதையையும் உடனுக்குடன் எழுதி, எல்லாத் தளங்களும் எடுத்துக்கொள்ளும் வடிவில் வெளியிடுவது ஓர் அரச அமைப்பால்தான் முடியும். சிங்கப்பூர்ச் சுற்றுலாச் சபை தன் இடங்கள், நிகழ்ச்சிகள் பற்றிய விபரங்களைப் பொதுக் களஞ்சியமாக்கி, மற்றவர்களின் செயலிகள் அதிலிருந்து எடுத்துக்கொள்ள விட்டிருக்கிறது. எல்லோரும் வந்து பார்க்கும் இணையத்தளத்தைக் கட்டுவதைவிட, எல்லோர் இணையத்தளத்திலும் தன் தகவலை ஓடவிடுவது அதிகச் செலவில்லாத வழி.

தோட்டங்களின் நிலை தனி. ஹப்புத்தளையிலிருந்து தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலை வழியாக லிப்டன் சீட்டுக்குப் போகும் பாதை முழுக்கத் தோட்டம்; 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய தொழிற்சாலை அது. வருகிறவர்கள் படமெடுப்பது கொழுந்து எடுக்கும் பெண்களை. அந்தப் பெண்களின் பிள்ளைகள் எல்லவிலும் பண்டாரவளையிலும் ஆட்டோ ஓட்டுகிறார்கள், விடுதிகளில் அறை துடைக்கிறார்கள், சமையற்கட்டில் நிற்கிறார்கள், வழி காட்டுகிறார்கள். விடுதியை நடத்துகிறவர்களாக அவர்கள் அதிகம் இல்லை. ஆங்கிலம் வராததோ கணினி தெரியாததோ அதற்கு முதற் காரணமல்ல. கைத்தொலைபேசியில் மொழிபெயர்த்துப் பேரம் பேசுகிற இளைஞர்கள் அங்கே தாராளமாக உண்டு. பதிவுபெற்ற வீட்டுவிடுதி நடத்த, இடத்தின்மீது உரிமை காட்ட வேண்டும், உள்ளூராட்சி சபையின் சம்மதம் வேண்டும். லயன் அறையில் ஐந்து தலைமுறை வாழ்ந்த குடும்பத்துக்கும் காணிப் பத்திரம் இல்லை. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை சேவை செய்யலாம் என்பதையே 2018இல் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தித்தான் தெளிவாக்க வேண்டியிருந்தது. படிவம் இணையத்துக்கு வந்துவிட்டது; படிவத்தில் நிரப்பவேண்டிய பத்திரம் இன்னும் வரவில்லை.

கேரளத்தில் 2008இல் குமரகத்தில் தொடங்கி, பிறகு மாநில அமைப்பாக வளர்ந்த பொறுப்புச் சுற்றுலாத் திட்டம், காய்கறி விளைவிப்பவர், பாய் முடைபவர், வீட்டில் சமைத்துக் கொடுப்பவர் என்று சிறியவர்களைப் பட்டியலில் சேர்த்து விடுதிகளோடும் பயணிகளோடும் இணைத்தது. அங்கே உள்ளூராட்சி அமைப்பும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் முன்பே உயிரோடு இருந்தன. கணினிப் பட்டியல் அவற்றின்மேல் ஏறியது. ஊவாவில் அதற்கு ஈடாகச் சொல்லக்கூடியவை பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தின் சுற்றுலாப் படிப்பும் பண்டாரவளைப் பயிற்சிக் கல்லூரியும். இரண்டும் ஆட்களை உருவாக்குகின்றன. அவர்களைத் தோட்டத்தோடு இணைக்கும் பட்டியல் இல்லை.

பட்டியலில் எழுதலாமென்றால், பல தோட்டங்களில் வீட்டுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். யாராவது எடுத்துவந்து கொடுத்தால் உண்டு. அதே லயனின் கடைசி வீட்டில் இருப்பவர் ஆட்டோ வாடகைக்குக் கைத்தொலைபேசியில் தன் இருப்பிடத்தைக் குறித்து அனுப்பினால், எந்த நாட்டிலிருந்து வந்த பயணியும் வாசலுக்கே வந்து நிற்கிறார்.